ஆங்கிலச் சொல் தெரியும், பேசினால் ஏன் மொழிபெயர்ப்பு மாதிரி இருக்கிறது?

மலேசியாவின் கெடா மாநிலத்தில் பாடாங் செராயிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன் வேலை. இன்னும் இரண்டு மாதத்தில் சூப்பர்வைசர் பதவிக்கு நேர்முகத் தேர்வு, முழுக்க ஆங்கிலத்தில். தமிழ்ப்பள்ளியில் படித்தவர், இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் ஆங்கிலத்தில் நல்ல தேர்ச்சி, இலக்கணம் ஓரளவு சரி, படித்தால் புரிகிறது. ஆனாலும் பினாங்குக்கார சக ஊழியர் ஒருவர், "நீ சொல்றது புரியுது, ஆனா இங்கிலீஷ்ல யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க" என்றாராம். அதனால் தினமும் எத்தனை இடியம் (நேர்ப்பொருளை விட்டு வேறு பொருள் தரும் தொடர்) மனப்பாடம் செய்தால் பேச்சு சரளமாகும், எந்தப் புத்தகம் வாங்கலாம், சுங்கைப்பட்டாணியில் கட்டணம் கட்டி ஒரு கோர்ஸில் சேரலாமா என்று கேட்கிறார்.

தம்பி, கேள்வியில் இடியம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நீங்களே கொடுத்த மூன்று உதாரணங்களில் ஒன்றுகூட இடியம் சம்பந்தப்பட்டதல்ல. 'ஐ டிட் எ மிஸ்டேக்', 'ஸ்ட்ராங் ரெயின்', 'அப்ளை லீவ்'. இவற்றில் உங்களுக்குத் தெரியாத சொல் எதுவும் இல்லை. எதோடு எது சேரும் என்பதில்தான் தடங்கல். ஆக, தெரிந்த சொற்களை ஆங்கிலம் பேசுகிறவர்கள் சேர்ப்பதுபோலச் சேர்க்க எப்படிப் பழகுவது என்பதுதான் நீங்கள் கேட்க வந்தது. கெடாவின் தோட்டப்புற இடைநிலைப்பள்ளிகளில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். தமிழ்ப்பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகள் எந்த இடத்தில் தடுமாறுவார்கள் என்பது எனக்குப் பழக்கமான விஷயம். தொழிற்சாலை நேர்முகத் தேர்வு நடத்திய அனுபவம் எனக்கில்லை. அதைப் பற்றித் தெரிந்ததெல்லாம் என் பழைய மாணவர்கள் வந்து சொன்னவைதான். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

தமிழ்ப்பள்ளியில் மரபு என்று ஒரு பாடம் படித்திருப்பீர்கள். பானை வனைந்தார், கூடை முடைந்தார், சுவர் எழுப்பினார், அம்பு எய்தார், பூப் பறித்தாள். 'பானை செய்தார்' என்றால் புரியாதா? புரியும். ஆனால் ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துவிடுவார். ஏன் வனைதல் என்று கேட்டால், பெரியவர்கள் அப்படித்தான் சொல்லி வந்தார்கள் என்பதைத் தவிர வேறு காரணம் சொல்ல முடியாது. தொல்காப்பியத்தில் பொருளதிகாரத்தின் கடைசி இயலுக்கே மரபியல் என்று பெயர். ஆங்கிலத்தில் இதைக் கொலொகேஷன் என்பார்கள், தமிழில் சொற்சேர்க்கை என்று எழுதுகிறார்கள். 'மேக் எ மிஸ்டேக்', 'ஹெவி ரெயின்' எல்லாம் ஆங்கிலத்தின் மரபு. இலக்கண விதியால் இவற்றைக் கண்டுபிடிக்க முடியாது. நல்ல இலக்கணத்தோடு பேசும் உங்களுக்கே இங்கே தவறு வருவதற்கு அதுதான் காரணம்.

ஆசியாவில் ஆங்கிலம் படிப்பவர்களுக்கு இது பழைய சிக்கல். 1933இலேயே தோக்கியோவில் ஹெரால்டு பாமர் என்ற ஆங்கில ஆசிரியர் ஜப்பானிய மாணவர்களுக்காக இந்தச் சேர்க்கைகளைத் திரட்டி ஓர் அறிக்கை வெளியிட்டார். அவரோடு வேலை செய்த ஹார்ன்பி தயாரித்த அகராதி 1942இல் ஜப்பானில் வெளிவந்தது. பின்னர் 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு அதை எடுத்துப் பதிப்பித்தது. இன்று பள்ளி நூலகங்களில் இருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் அகராதியின் மூலம் அதுதான்.

சரி, சரளத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு? 1983இல் ஆண்ட்ரூ பாலி, ஃபிரான்சஸ் சைடர் என்ற இரு மொழியியலாளர்கள் இதைத் தெளிவாக எழுதினார்கள். தாய்மொழியில் பேசுகிறவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் சொல் சொல்லாகக் கட்டிப் பேசுவதில்லை. ஏற்கெனவே சேர்ந்து கிடக்கும் துண்டுகளை எடுத்து எடுத்துப் பேசுகிறார், அதனால்தான் மூச்சு முட்டாமல் பேச முடிகிறது என்பது அவர்கள் வாதம். நீங்கள் தமிழில் 'கொஞ்சம் பொறுங்க, இதோ வந்துடறேன்' என்று சொல்லும்போது எந்த வினைமுற்று என்று யோசிப்பீர்களா? ஆங்கிலத்தில் 'டிசிஷன்' என்று வாயில் வந்ததும் டூவா, மேக்கா, டேக்கா என்று தேட நின்றால் அந்த இடத்தில் பேச்சு அறுந்துபோகும். ஆகவே சேர்க்கையைப் பழகுவதில் இரட்டை ஆதாயம் இருக்கிறது: பேச்சு இயல்பாகக் கேட்கும், நிறுத்தமும் குறையும். முதலாவது உறுதி. இரண்டாவது, வாயால் சொல்லிச் சொல்லிப் பழகினால்தான் நடக்கும். நோட்டில் எழுதி வைத்தால் மட்டும் நடக்காது.

தவறு எங்கிருந்து வருகிறது என்பதில் ஆராய்ச்சியும் வகுப்பறையும் ஒரே பதிலைத்தான் சொல்கின்றன. பெரும்பங்கு தாய்மொழியிலிருந்து. ஜெர்மன் மாணவர்களின் ஆங்கிலக் கட்டுரைகளை ஆராய்ந்த நாட்யா நெசல்ஹாஃப், பல வருடம் ஆங்கிலம் படித்தவர்களிடமும் தாய்மொழிச் சேர்க்கை அப்படியே தலைநீட்டுவதைக் காட்டினார். நமக்கு ஒரு மொழி அல்ல, இரண்டு மொழி பின்னாலிருந்து தள்ளுகிறது. தமிழில் 'செய்', மலாயில் 'புவாட்'. இரண்டுமே ஆங்கிலத்தின் டூவுக்கும் மேக்குக்கும் பொதுவானவை. நாம் 'மருந்து சாப்பிடு' என்கிறோம், மலாயில் 'மக்கான் ஊபாட்' என்கிறார்கள். இரண்டும் சேர்ந்து 'ஈட் மெடிசின்' என்று சொல்ல வைக்கின்றன; ஆங்கிலத்தில் அது 'டேக் மெடிசின்'. 'ஓப்பன் த லைட்' தமிழிலிருந்து வந்ததல்ல, மலாயின் 'புக்கா லம்பு'வை ஒத்தது; 'டர்ன் ஆன் த லைட்' என்பதே வழக்கம்.

தமிழிலிருந்து வருவதற்கு என் வகுப்பில் நான் அதிகம் பயன்படுத்திய உதாரணம் 'பலத்த' என்ற சொல். செய்தித்தாளைத் திறந்தால் பலத்த மழை, பலத்த காற்று, பலத்த காயம், பலத்த பாதுகாப்பு, பலத்த கைதட்டல். ஒரே சொல் எல்லாவற்றையும் தூக்கிச் சுமக்கிறது. ஆங்கிலத்தில் மழைக்கு 'ஹெவி', காற்றுக்கு 'ஸ்ட்ராங்', காயத்துக்கு 'சீரியஸ்', பாதுகாப்புக்கு 'டைட்', கைதட்டலுக்கு 'லவுட்'. 'பலத்த' என்றால் 'ஸ்ட்ராங்' என்று ஒரே ஒரு அர்த்தம் படித்து வைத்த பிள்ளை ஐந்தில் நான்கு இடங்களில் தவறாகச் சொல்லும், அதன் மேல் குற்றமே இல்லை. எதிர்த்திசையிலும் இது உண்டு. டீ 'ஸ்ட்ராங்', காப்பி 'ஸ்ட்ராங்', ஆனால் காரின் இன்ஜின் 'பவர்ஃபுல்'. காய்ச்சல் 'ஹை'. சாலை நெரிசல் மழையைப் போலவே 'ஹெவி'. பெயர்ச்சொல்தான் தன் துணையைத் தேர்ந்தெடுக்கிறது என்பதை இதில் பார்க்கலாம். இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்த முக்கியமான விஷயம். சொல்லைத் தனியாகப் படிக்காதீர்கள். பெயர்ச்சொல்லை அதன் துணையோடு சேர்த்தே, ஒரே உருப்படியாக மனதில் ஏற்றுங்கள்.

சில இடங்களில் துணை மாறினால் அர்த்தமே மாறிவிடும். நேர்முகத் தேர்வில் குடும்பத்தைப் பற்றிக் கேட்பார்கள். உங்கள் அப்பா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் என்று எழுதியிருக்கிறீர்கள். நம் ஊரில் மரம் வெட்டுவது என்றாலே ரப்பர் பாலுக்காகப் பட்டையைக் கீறுவது என்று எல்லாருக்கும் புரியும். அதை அப்படியே 'மை ஃபாதர் கட் ரப்பர் ட்ரீஸ்' என்று சொன்னால், கேட்கிறவர் மரத்தை அடியோடு சாய்த்தவர் என்று நினைப்பார். ஆங்கிலத்தில் அது 'டாப்'. 'ஹி டாப்ட் ரப்பர்', அல்லது 'ஹி வாஸ் எ ரப்பர் டாப்பர்'. பெரட்டுக்கு (விடிகாலை ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று, இருட்டோடு கிளம்பிப் போய்ச் செய்த திறமையான வேலை அது. சரியான சொல்லால் சொல்லுங்கள். செம்பனை (எண்ணெய்ப் பனை) என்றால் குலையை 'ஹார்வெஸ்ட்' செய்கிறார்கள், உதிரிப் பழம் 'லூஸ் ஃப்ரூட்'.

ஆனால் எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை. 'படம் எடு' மூன்று மொழியிலும் ஒன்றுதான்: 'அம்பில் கம்பார்', 'டேக் எ பிக்சர்'. 'லீவு எடு', 'கேள்வி கேள்', 'பாடம் கற்றுக்கொள்' எல்லாம் ஆங்கிலத்தோடு ஒத்துப் போகின்றன. ஒத்துப் போகிறவை தானாகவே சரியாக வரும், நேரமும் குறைவாகப் பிடிக்கும். ஒத்துப் போகாதவைமீது மட்டும் உழைப்பைக் கொட்டுங்கள். எது ஒத்துப் போகவில்லை என்று கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். தொழிற்சாலையில் உங்கள் கையில் தினமும் இருக்கும் செய்முறைக் குறிப்பு இருக்கிறதே, எஸ்.ஓ.பி., அதிலிருந்து நான்கைந்து வாக்கியங்களைத் தமிழில் எழுதுங்கள். ஆங்கிலத்தை மூடி வைத்துவிடுங்கள். மறுநாள் உங்கள் தமிழைப் பார்த்து மீண்டும் ஆங்கிலத்தில் எழுதிவிட்டு, மூலத்தோடு ஒப்பிடுங்கள். நீங்கள் 'டூ இன்ஸ்பெக்ஷன்' என்று எழுதியிருப்பீர்கள், அங்கே 'கேரி அவுட் என் இன்ஸ்பெக்ஷன்' என்று இருக்கும். நீங்கள் 'சீ த ரீடிங்' என்று எழுதிய இடத்தில் 'டேக் எ ரீடிங்' இருக்கும். எந்தப் புத்தகத்தையும்விட இது உங்கள் ஓட்டைகளை நேராகக் காட்டும், ஏனென்றால் இது உங்கள் வேலையின் மொழி. எழுதி வைக்கும்போது பெயர்ச்சொல்லைத் தலைப்பாகப் போடுங்கள். 'ரிப்போர்ட்' என்று தலைப்புப் போட்டு, அதன் கீழே 'ரைட் எ ரிப்போர்ட்', 'சப்மிட் எ ரிப்போர்ட்', 'எ டீடெய்ல்ட் ரிப்போர்ட்'. 'ப்ராப்ளம்' என்றால் 'சால்வ்', 'காஸ்', 'ரன் இன்டு', 'ரிக்கரிங்'. பேசும்போது முதலில் மனதில் வருவது பெயர்ச்சொல்தான், அதனால் அதன் கீழ் தேடினால் கிடைக்கும்.

பயிற்சிப் புத்தகங்களில் இடது பக்கம் வினைச்சொல், வலது பக்கம் பெயர்ச்சொல், கோடு போட்டு இணைக்கவும் என்று இருக்குமே, அதைத் தவிர்த்துவிடுங்கள். ஃபிராங்க் போயர்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில் இப்படிப் பிரித்துப் பொருத்தும் பயிற்சிகளால் கிடைத்த பலன் மிகக் குறைவு. தவறாக இணைத்த ஜோடி, திருத்திக் காட்டிய பிறகும் சிலர் மனதில் ஒட்டிக்கொண்டது. முழுதாகக் கொடுத்ததை முழுதாகவே படிப்பது மேல் என்பதுதான் அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது. அதேபோல், மேக் என்றால் உருவாக்குவது, டூ என்றால் செயல் என்று ஒரு விதி சொல்வார்கள். ஓரளவு உதவும். ஆனால் 'மேக் எ ஃபோன் கால்', 'டூ டேமேஜ்' என்று வரும்போது அந்த விதி கைவிட்டுவிடும்.

புத்தகம் கேட்டீர்கள். ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் ஆக்ஸ்ஃபோர்டு கொலொகேஷன் அகராதி. முதல் பதிப்பு 2002, இரண்டாம் பதிப்பு 2009. பழைய புத்தகக் கடையில் முதல் பதிப்பு கிடைத்தாலும் போதும், மரபு அவ்வளவு வேகமாக மாறுவதில்லை. அது உட்கார்ந்து படிக்கும் புத்தகமல்ல. எழுதும்போது சந்தேகம் வந்தால் பெயர்ச்சொல்லைத் திருப்பிப் பார்ப்பதற்கு. இணையத்தில் ஸ்கெல் என்ற இலவசத் தளத்தில் ஒரு சொல்லைப் போட்டால் அதோடு சேரும் சொற்களை வரிசையாகக் காட்டும். யூகிளிஷில் ஒரு தொடரைப் போட்டால் அதை யூடியூப் வீடியோக்களில் உண்மையான மனிதர்கள் சொல்லும் இடங்களைக் காட்டும். காதால் கேட்பது மிக முக்கியம், எழுத்தில் மட்டும் பார்த்த சேர்க்கை வாயில் எளிதில் வராது.

இனி, அவ்வளவு உறுதியில்லாதவை. தினமும் எத்தனை என்று கேட்டீர்கள். ஒரு சேர்க்கை மனதில் நிற்க எத்தனை முறை எதிர்ப்பட வேண்டும் என்பதில் ஆய்வாளர்களிடையே ஒரே எண் கிடையாது. அதிகம் சந்தித்தால் அதிகம் நிற்கும் என்பது மட்டும் திரும்பத் திரும்பக் காணப்பட்டிருக்கிறது. ஆகவே நான் எண் சொல்லப் போவதில்லை. என் அனுபவத்தில், நாளொன்றுக்கு இருபது எழுதிய பிள்ளைகளைவிட, நான்கைந்து எழுதி அன்றைக்கே அவற்றை வாயால் பயன்படுத்திய பிள்ளைகள்தான் முன்னேறினார்கள். இது ஆசிரியை ஒருத்தியின் கவனிப்பு, ஆய்வு முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எது தவறு என்பதிலும் கோடு எப்போதும் தெளிவாக இருக்காது. 'டேக் எ டிசிஷன்' தவறு என்று பல ஆசிரியர்கள் அடிப்பார்கள். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அது சாதாரணமாகப் புழங்குகிறது, 'மேக்' இன்னும் பரவலானது, அவ்வளவுதான். 'மெட் வித் என் ஆக்சிடென்ட்' நம் நாட்டுச் செய்தித்தாள்களில் வரும், பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பொதுவாக 'ஹேட் என் ஆக்சிடென்ட்' என்பார்கள். இவற்றில் மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நம் மலேசிய ஆங்கிலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'டேக் எம்சி' (எம்சி என்பது மருத்துவச் சான்றிதழ்), 'அப்ளை லீவ்', 'ஐ ஃபாலோ யூ' என்றெல்லாம் கேன்டீனில் பேசுவது நம் ஊரின் இயல்பான பேச்சு. அதைக் கேவலமாக நினைக்கும் பழக்கம் எனக்கில்லை, நீங்களும் நினைக்காதீர்கள். ஜெர்மனியிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வந்த அதிகாரி எதிரே உட்கார்ந்திருக்கும்போது மட்டும் 'டேக் சிக் லீவ்', 'அப்ளை ஃபார் லீவ்', 'ஐ வில் கோ வித் யூ' என்று மாற்றிச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டும் கைவசம் இருக்கட்டும்.

இடியம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' போன்றவற்றைப் படித்துப் புரிந்துகொள்வதில் தவறில்லை. பேச்சில் நுழைக்கப் பார்க்காதீர்கள். அவை அன்றாடப் பேச்சில் அரிதாகவே வரும், மற்றபடி எளிமையாகப் போய்க்கொண்டிருக்கும் பேச்சில் திடீரென்று ஒன்றைச் சொருகினால் ஒட்டாமல் தெரியும்.

நேர்முகத் தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கிறது. என்ன கேட்பார்கள் என்று ஓரளவு ஊகிக்கலாம்: உங்கள் வேலை என்ன, மெஷின் நின்றபோது என்ன செய்தீர்கள், ஆட்களோடு கருத்து வேறுபாடு வந்தால் எப்படிக் கையாள்வீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிலைத் தயார் செய்து, அதற்குத் தேவையான ஏழெட்டுச் சேர்க்கைகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். மெஷின் கதைக்கு 'ஷட் டவுன் த மெஷின்', 'ஐடென்டிஃபை த ரூட் காஸ்', 'ரிப்ளேஸ் த பார்ட்', 'ரன் எ டெஸ்ட்', 'ரெஸ்யூம் ப்ரொடக்ஷன்', 'மீட் த டார்கெட்' போதும். அப்புறம் நியூசிலாந்துப் பேராசிரியர் பால் நேஷன் பரப்பிய ஒரு பயிற்சி. அதே பதிலை முதலில் நான்கு நிமிடம் பேசுங்கள், அடுத்து மூன்று நிமிடத்தில், பிறகு இரண்டு நிமிடத்தில், ஒவ்வொரு முறையும் வேறு ஒருவரிடம். விஷயம் மாறாது, நேரம் மட்டும் சுருங்கும். அப்போது துண்டுகள் தாமாக ஒட்டிக்கொள்ள ஆரம்பிக்கும். கேட்க ஆளில்லாவிட்டால் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். வரிக்கு வரி மனப்பாடம் செய்ய வேண்டாம். குறுக்குக் கேள்வி வந்தால் மனப்பாடம் உடைந்துவிடும், சேர்க்கைகள் மட்டும் கையில் நிற்கும். உச்சரிப்பு, அழுத்தம் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். உங்கள் குரலைக் கேட்காமல் அதற்கு ஆலோசனை சொல்ல முடியாது. பினாங்கு நண்பர் சொன்ன குறையில் அதுவும் ஒரு பங்கு இருக்கலாம், அவரிடமே கேட்டுப் பாருங்கள்.

சுங்கைப்பட்டாணி கோர்ஸ் நல்லதா என்று பெயரை வைத்து என்னால் சொல்ல முடியாது. பணம் கட்டுவதற்கு முன் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் மாணவர்கள் எவ்வளவு நேரம் வாய் திறந்து பேசுகிறார்கள் என்று பாருங்கள். ஒருவர் தவறாகச் சேர்த்துச் சொன்னால் ஆசிரியர் முழுத் தொடரையும் திருப்பிச் சொல்லவைக்கிறாரா, சொல்லை மட்டும் திருத்திவிட்டுப் போகிறாரா என்றும் கவனியுங்கள். ஆசிரியரே பேசிக்கொண்டிருந்து, கடைசியில் இடியம் பட்டியல் ஒன்றை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தால், அந்தப் பணத்துக்கு அகராதியை வாங்கிக்கொண்டு, ஷிஃப்ட் முடிந்ததும் அந்தப் பினாங்கு நண்பரோடு தினமும் அரைமணி நேரம் ஆங்கிலத்தில் பேசுங்கள்.